நோய்க்கிருமியை இனங்கண்ட இராபர்ட் கோக்

திண்டிவனத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் விழுப்புரத்தை அடுத்த கழனிப் பகுதிகளிலும் ஆடுமாடுகளையே தம் செல்வமாகப் பேணி வாழும் குடிகள் பலர். கால்நடைகளுக்கு வரும் நோய்களுள் அடைப்பான் என்பது மிகக் கொடியது. மாலையில் மேய்ந்து திரும்பித் தொழுவத்தில் அசைபோட்டுக் கிடந்த பசு, பொழுது விடியுமுன் மாண்டு கிடக்கும். அதன் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கரிய குருதி கசியும். அக்குருதி எளிதில் உறைவதில்லை. மருந்து தேடுவதற்கும் பொழுதிராது. பாம்பு தீண்டிற்றோ, நச்சுப் பூண்டை மேய்ந்ததோ, கண்ணேறு பட்டதோ, தெய்வக் குற்றமோ என்று ஆளுக்கொரு காரணம் கூறுவது முற்கால வழக்கம். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்வரை ஐரோப்பிய நாடுகளிலும் நிலைமை இதனினும் மேம்பட்டதாக இல்லை. அங்கும் மேய்ச்சல் நிலங்களில் ஆடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அறிஞர்கள் காற்றின் மீதும் மண்ணின் மீதும் பழியை ஏற்றிவிட்டு அமைந்திருந்தனர்.

இப்புதிருக்கு விடை கண்டவர் தலைநகரத்துப் பேராசிரியர் அல்லர். திண்டிவனத்தினும் சிறியதோர் ஊரில், காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்து, அம்மை குத்தி, குதிரை வண்டியில் ஊர் ஊராகச் சென்று பிணியாளரைப் பார்த்து வந்த வட்டார மருத்துவர் அவர். இராபர்ட் கோக் என்பது அவர் பெயர். ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் உரிய கிருமி இன்னது எனப் பிரித்து அறியும் முறையை உலகுக்குக் கற்பித்தவர் அவரே ஆவர்.

கோக் 1843-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் ஜெர்மனியில், ஆர்ட்ஸ் மலைத்தொடரில் உள்ள கிளாஸ்தால் என்னும் ஊரில் பிறந்தார். அது சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ஊர். தந்தையார் சுரங்க அலுவலர். பதின்மூன்று மக்களுள் கோக் மூன்றாமவர். ஐந்தாம் வயதிலேயே செய்தித்தாளின் துணைகொண்டு தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுப் பெற்றோரை வியப்பில் ஆழ்த்தினார் என்பர். பூச்சிகளையும் பாசிகளையும் கற்களையும் திரட்டி வைப்பதில் அவருக்குப் பேரவா. கப்பலில் மருத்துவராக அமர்ந்து உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது இளமைக் கனவு. அக்கனவு அப்போது நிறைவேறவில்லை. பிற்காலத்தில் அவர் எகிப்து, இந்தியா, ஆப்பிரிக்கா எனச் சென்றதெல்லாம் பிணிகளைப் பின்தொடர்ந்தே.

கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவருள் ஒருவர் யாக்கோப் என்லே என்னும் உடற்கூற்று அறிஞர். தொற்றுநோய்களுக்குக் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களே காரணமாதல் வேண்டும் என்று அவர் 1840-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஆனால் அதனைச் செய்து காட்டி மெய்ப்பிக்கும் வழி அவருக்குப் புலப்படவில்லை. ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் தொடங்கினார் எனல் தகும்.

பட்டம் பெற்ற மறு ஆண்டில் கோக் எம்மி என்னும் மங்கையை மணந்தார். சில ஊர்களில் தொழில் நடத்தி, 1870-ஆம் ஆண்டில் மூண்ட பிரெஞ்சுப் போரில் தாமே முன்வந்து மருத்துவப் பணி ஆற்றி, 1872-ஆம் ஆண்டில் வோல்ஷ்டைன் என்னும் ஊருக்கு வட்டார மருத்துவ அலுவலராக வந்து சேர்ந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. அங்கு நூலகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, கலந்து பேசுவதற்கு ஓர் அறிஞரும் இல்லை. அவர் குடியிருந்த நான்கு அறை வீடே ஆய்வுக்கூடமாயிற்று. பிணியாளரைப் பார்க்கும் அறையில் ஒரு பகுதியைத் திரையிட்டு மறைத்துக்கொண்டார். மனைவியார் அன்பளிப்பாக வாங்கிக் கொடுத்த நுண்பெருக்கிக் கண்ணாடியே அவருக்குப் பெருஞ்செல்வம். ஏனைய கருவிகள் பலவற்றைத் தம் கையாலேயே செய்துகொண்டார்.

அவ்வட்டாரத்தில் அடைப்பான் நோய் மிகுதி. அந்நோயால் இறந்த விலங்கின் குருதியில் சிறுசிறு கோல் போன்ற உருவங்கள் கிடப்பதைச் சில அறிஞர்கள் முன்பே கண்டிருந்தனர். ஆயின் அக்கோல்கள்தாம் நோயைச் செய்வனவா, அன்றி நோயால் அழிந்த குருதியில் பிறகு தோன்றுவனவா என்பது தெளிவாகவில்லை. திருடு போன வீட்டின் அருகே ஒருவன் நின்றான் என்பதனாலேயே அவன் கள்வன் ஆகிவிடுவானோ? கோக்கின் சிந்தனை இவ்வினாவில்தான் ஊன்றியது.

மருந்து ஏற்றும் ஊசிகூட அவரிடம் இல்லாமையால், மரச் சிம்புகளைச் செதுக்கிச் சூடேற்றித் தூய்மை செய்து, நோயால் இறந்த ஆட்டின் மண்ணீரற் குருதியில் தோய்த்து, சுண்டெலியின் வாலடியில் சிறு கீறலிட்டுச் செலுத்தினார். மறுநாள் எலி இறந்து கிடந்தது. நலமுள்ள விலங்கின் குருதியைச் செலுத்திய எலிகளோ நலமாய் ஓடித் திரிந்தன. இறந்த எலியிலிருந்து மற்றோர் எலிக்கும், அதிலிருந்து வேறோர் எலிக்கும் என வரிசையாகச் செலுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அதே நோய், அதே கோல்கள்.

இத்துடன் அவர் மனநிறைவு கொள்ளவில்லை. குருதியோடு வேறு ஏதேனும் நஞ்சும் கலந்து சென்றிருக்கலாம் அன்றோ? ஆகவே அக்கோல்களை விலங்கின் உடலுக்கு வெளியே வளர்க்க முயன்றார். காளையின் கண்ணிலிருந்து எடுத்த தெளிந்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தொங்கவிட்டு, அதில் கிருமியை இட்டு, வெதுவெதுப்பாக வைத்து, மணிக்கணக்கில் கண்ணைக் கருவியினின்று எடுக்காமல் உற்று நோக்கினார். கோல்கள் நீண்டன, நூலிழைகளாயின, அவ்விழைகளுக்குள் மணிகள் கோத்தாற்போல ஒளிரும் புள்ளிகள் தோன்றின. அவையே வித்துகள். கிருமி தனக்குத் தீங்கான காலம் வருங்கால் வித்தாக ஒடுங்கிவிடுகிறது. உலர்ந்து மண்ணிற் கிடந்து, பல்லாண்டு சென்ற பின்னும், தக்க உடலில் புகுந்தால் மீண்டும் கோலாக முளைக்கிறது. முன்பு நோய் கண்ட மேய்ச்சல் நிலம் நெடுங்காலத்துக்குப் பின்னும் மந்தையைக் கொல்வது ஏன் என்பது அன்று விளங்கிற்று. அடைப்பானால் இறந்ததாக ஐயுறும் மாட்டைத் தோலுரித்தலும் அறுத்தலும் கூடாது. ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு இடவேண்டும், இன்றேல் எரித்துவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் இன்றும் வற்புறுத்துவது இவ்வித்துகளை அஞ்சியே. நம் இராணிப்பேட்டையில் 1932-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கால்நடை நோய்த்தடுப்பு நிலையம் அடைப்பானுக்குரிய தடுப்பு மருந்தைச் செய்து தருகிறது.

1876-ஆம் ஆண்டில் கோக் தம் எலிகளையும் கண்ணாடித் தகடுகளையும் எடுத்துக்கொண்டு பிரெசுலாவு நகரம் சென்றார். அங்கே பெர்டினாந்து கோன் என்னும் தாவரவியல் பேராசிரியர் முன்னிலையில் மூன்று நாள் யாவற்றையும் செய்து காட்டினார். பெயரறியாத ஊர் மருத்துவர் ஒருவர் வந்து என்ன காட்டிவிடப் போகிறார் என்று எண்ணியிருந்தவர்கள் வாயடைத்துப் போயினர். கோன் அக்கட்டுரையைத் தம் இதழிலேயே வெளியிட்டார். பெரியோர் ஒருவர் பொறாமையின்றிச் சிறியோரை ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது. கோன் அவ்வாறு செய்திராவிடில் கோக்கின் பெயர் வோல்ஷ்டைனிலேயே அடங்கியிருக்கவும் கூடும்.

1880-ஆம் ஆண்டில் அரசாங்கம் அவரைப் பெர்லின் நகருக்கு அழைத்து, நல்வாழ்வுத் துறையில் ஆய்வுக்கூடமும் உதவியாளரும் அளித்தது. அங்கு அவர் தீர்க்க முற்பட்ட இடர்ப்பாடு ஒன்று உண்டு. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் கிருமிகளை இனங்காணும் கலை முழுவதும் அதனையே அடிப்படையாகக் கொண்டது.

பிணியாளரின் சளியிலோ கழிவிலோ ஒரேவகைக் கிருமி மட்டும் இருப்பதில்லை. பலவகை கலந்து கிடக்கும். அவற்றைச் சாற்றில் இட்டு வளர்த்தால் எல்லாமும் ஒருங்கே பெருகிச் சாறு கலங்கிவிடும். எது நோயைச் செய்வது, எது வாளா இருப்பது என்று கூற இயலாது. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். டி.எம்.வி. என்னும் அடையாளத்தோடு வழங்கும் நிலக்கடலை வகைகள் அந்நிலையம் தந்தவை. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். கலப்பு விதை விதைத்த வயலில் இனத்தூய்மை காண்பது அரிது. ஒரு தனிச் செடியைத் தேர்ந்து, அதன் வித்தைத் தனியே எடுத்து, தனிப் பாத்தியில் விதைத்தால்தான் ஓரினம் கிட்டும். கோக்குக்கு வேண்டியதும் அத்தகைய பாத்தியே. ஆனால் கண்ணுக்குப் புலனாகாத செடிக்குப் பாத்தி கட்டுவது எங்ஙனம்?

வேகவைத்து அறுத்து வைத்திருந்த உருளைக்கிழங்கின் மீது வெவ்வேறு நிறப் புள்ளிகள் தோன்றியிருப்பதை அவர் ஒருநாள் நோக்கினார். ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துப் பார்க்க, ஒரு புள்ளியில் ஒரேவகைக் கிருமி மட்டும் இருந்தது. நீர்ப்பொருளில் கிருமிகள் அலைந்து கலந்துவிடுகின்றன. திண்பொருளின் மேல் விழுந்த கிருமியோ விழுந்த இடத்திலேயே பெருகித் தன் இனத்தாரோடு ஒரு குடியிருப்பை அமைத்துக்கொள்கிறது. இதுவே அவர் கண்ட பேருண்மை. பின்னர் இறைச்சிச் சாற்றோடு ஊன்பசையைக் கலந்து கண்ணாடித் தட்டில் உறையவைத்து, அதன்மேல் கிருமிகளைக் கீறி வளர்த்தார். ஊன்பசைக்கு ஒரு குறை இருந்தது. மனித உடலின் சூட்டில் அது உருகிவிடும். இக்குறையைத் தீர்த்தவர் பாணி எஸ்சே என்னும் பெண்மணி. கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் மனைவியார் அவர். வீட்டில் இனிப்புப் பண்டங்களை உறையவைக்கத் தாம் ஆளும் அகார் என்னும் கடற்பாசிப் பொருளைப் பயன்படுத்தலாமே என்றார். சாவகத் தீவில் வாழ்ந்த அயலார் வழியாக அவர் அதனை அறிந்திருந்தார். நம் நாட்டிலும் கடற்பாசி என்று கடைகளில் விற்பதும், பாலும் சருக்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்து உண்பதும் அதுவே. இராமநாதபுரக் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அது செய்யப்படுகிறது. அடுக்களையிலிருந்து புறப்பட்ட அப்பொருளின்றி உலகில் இன்று எந்தக் கிருமி ஆய்வுக்கூடமும் இயங்காது. கோக்கின் மற்றோர் உதவியாளராகிய பெத்ரி 1887-ஆம் ஆண்டில் மூடியிட்ட வட்டத் தட்டு ஒன்றை அமைத்தார். அத்தட்டு அவர் பெயராலேயே வழங்குகிறது.

இங்ஙனம் வழி திறந்தபின் கோக் தமக்கெனச் சில நெறிகளை வகுத்துக்கொண்டார். நோயுற்றார் அனைவரிடத்தும் அக்கிருமி காணப்படல் வேண்டும். அதனைப் பிரித்தெடுத்துத் தனியினமாக வளர்த்தல் வேண்டும். வளர்த்ததனை நலமுள்ள விலங்கின் உடலிற் செலுத்த அந்நோயே தோன்றல் வேண்டும். அவ்விலங்கிலிருந்து மீண்டும் அதே கிருமியை எடுத்தல் வேண்டும். குற்றவாளியைப் பெயர் சொல்லிச் சுட்டுமுன் நடுவர் கேட்கும் சான்றுகள் இவை. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி உட்பட, மருத்துவக் கல்லூரி மாணவர் யாவரும் நுண்ணுயிரியல் பாடத்தில் இந்நெறிகளைக் கற்கின்றனர்.

அந்நாளில் மனிதரைக் கொன்ற நோய்களுள் தலைமையானது எலும்புருக்கி எனப்படும் காசநோய். இறப்போர் எழுவருள் ஒருவர் அதனால் இறந்தனர் என்று கோக்கே கணக்கிட்டார். பரம்பரையாக வருவது, வறுமையால் வருவது, மனக்கவலையால் வருவது என்றெல்லாம் கூறி வந்தனர். அதன் கிருமி எளிதில் சாயம் ஏற்காது. ஆகவே நுண்பெருக்கியில் புலப்படாது. கோக் பலவகைச் சாயங்களை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்து, இறுதியில் நீல நிறத்தில் மெல்லிய கோல்களாக அதனைக் கண்டார். வளர்ப்பதோ இன்னும் கடினம். ஏனைய கிருமிகள் ஓரிரவில் வளர்ந்துவிட, இது வாரக்கணக்கில் தோன்றாது. வேறொருவராயின் தட்டுகளை எறிந்துவிட்டிருப்பர். கோக் பொறுத்திருந்தார். உறைந்த குருதித் தெளிநீரின் மீது, இரண்டாம் வாரத்தில், உலர்ந்த சிறு பொருக்குகளாக அது தலைகாட்டிற்று. அதனைச் செலுத்திய விலங்குகளெல்லாம் காசநோய் கண்டு மடிந்தன. 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் உடலியல் கழகக் கூட்டத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். பேசி முடித்தபோது அவையில் எதிர்வாதம் எழவில்லை. அவையோர் எழுந்து அவர் கொணர்ந்திருந்த நுண்பெருக்கிகளில் குனிந்து பார்த்தனர். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கொள்ளப்படுகிறது.

மறு ஆண்டில் எகிப்து நாட்டில் வாந்திபேதி பரவியது. ஊழி நோய் என்று நம் முன்னோர் அஞ்சியது இதுவே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சத்தில், பசியால் மெலிந்திருந்த மக்களை வாந்திபேதியும் சேர்ந்து வாரிக்கொண்டு போயிற்று. அந்நோய் ஐரோப்பாவுக்கும் வந்துவிடும் என்று அஞ்சி, ஜெர்மனியும் பிரான்சும் ஆய்வுக் குழுக்களை எகிப்துக்கு அனுப்பின. ஜெர்மானியக் குழுவுக்குத் தலைவர் கோக். பிரெஞ்சுக் குழுவில் வந்த துய்யே என்னும் இளைஞர் அந்நோய்க்கே இரையானார். அவருக்கு வயது 27. இரு நாட்டாரும் அண்மையிற் போரிட்டவர்கள், அறிவியலிலும் போட்டியாளர்கள். ஆயினும் அவ்விளைஞரின் பேழையைச் சுமந்தோருள் கோக்கும் ஒருவராக நின்றார்.

எகிப்தில் நோய் தணிந்துவிட்டமையால், அதன் பிறப்பிடமாகக் கருதப்பட்ட வங்காளத்துக்குச் செல்ல அவர் உறுதிகொண்டு, 1883-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் கல்கத்தா வந்து சேர்ந்தார். அத்திங்களில் அவருக்கு 40 வயது நிறைந்தது. அந்நகரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தோர் உடல்களை ஆராய்ந்தார். குடலில் கோலைப் போல நேராக இராமல் சற்றே வளைந்து, எழுத்தில் இடும் காற்புள்ளியை ஒத்த கிருமிகளைக் கண்டார். 1884-ஆம் ஆண்டு சனவரியில் அதனைத் தனியினமாக வளர்த்தும்விட்டார். பாச்சினி என்னும் இத்தாலிய அறிஞர் 1854-ஆம் ஆண்டிலேயே இக்கிருமியைக் கண்டு எழுதியிருந்தார்; உலகம் அதனைக் கவனிக்கவில்லை. கோக்கும் அதனை அறியாமலே தம் ஆய்வை நடத்தினார். முதலிற் கண்டவர் என்னும் பெருமையைப் பாச்சினிக்குத் தருதலே முறை.

கல்கத்தாவின் புறத்தே ஒரு குளம். அதன் கரையில் குடிசைகள். அங்கு அடுத்தடுத்துப் பலர் வாந்திபேதியால் இறந்தனர். கோக் சென்று பார்த்தார். மக்கள் அக்குளத்திலேயே குளித்தனர்; துணி துவைத்தனர்; அந்நீரையே பருகினர். முதலில் இறந்தவரின் ஆடைகள் அங்கேயே அலசப்பட்டிருந்தன. குளத்துநீரை எடுத்துத் தட்டில் வளர்த்தபோது, வளைந்த அக்கிருமியின் குடியிருப்புகள் தோன்றின. நோய் தணிந்தபின் எடுத்த நீரிலோ அவை மிகவும் அருகிவிட்டன. ஏரியும் குளமுமே குடிநீராக வாழ்ந்த நம் தென்னார்க்காட்டு மக்களுக்கும் உரிய செய்தி அது.

ஆயினும் இந்தியாவை ஆண்ட ஆங்கில அதிகாரிகள் பலர் அதனை ஏற்க மறுத்தனர். நோய் நீரால் பரவுகிறது, மனிதரோடு பயணம் செய்கிறது என்று ஒப்புக்கொண்டால், இந்தியாவிலிருந்து செல்லும் கப்பல்களைப் பிற நாட்டுத் துறைமுகங்களில் நாட்கணக்கில் நிறுத்திவைப்பர், வணிகம் கெடும். உண்மையைக் காணவிடாமல் கண்ணை மறைத்தது அறியாமை மட்டும் அன்று என்பது என் கருத்து. கோக்குக்கும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. எந்த விலங்குக்கும் அந்நோயை அவரால் உண்டாக்க இயலவில்லை. தாம் வகுத்த நெறியைத் தாமே முற்றும் நிறைவேற்ற முடியவில்லை. அவர் அதனை மறைக்கவில்லை. ஜெர்மானிய அரசு அவருக்கு 1,00,000 மார்க்குப் பரிசளித்துப் போற்றியது.

ஐயுற்றோர்க்கு விடை 1892-ஆம் ஆண்டில் கிடைத்தது. ஆம்பர்க்கு நகரில் வாந்திபேதி புகுந்து 8,000-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அந்நகரம் எல்பு ஆற்றுநீரை வடிகட்டாமல் வழங்கி வந்தது. அதனை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம் அதே ஆற்றுநீரை மணற்படுகையில் வடிகட்டி வழங்கியது. அங்கு நோய் பரவவில்லை. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த ஒரு தெருவில், ஒரு பக்கத்து வீடுகளில் இறப்பு, எதிர்ப்பக்கத்து வீடுகளில் நலம். பெட்டன்கோபர் என்னும் முதிய பேராசிரியர் கிருமி மட்டும் நோயைச் செய்யாது என்று காட்டுவதற்காக அவ்வாண்டே கிருமி கலந்த நீரைப் பலர் அறியக் குடித்தார். சிறு கழிச்சலோடு தப்பினார். அவர் துணிவை வியக்கலாம். அவர் முடிவை ஆம்பர்க்கு மக்கள் ஏற்றிருக்க மாட்டார்கள்.

கோக்கின் வாழ்வில் ஒரு சறுக்கல் உண்டு. அதனைக் கூறாது விடுதல் வரலாற்றுக்கு அழகன்று. 1890-ஆம் ஆண்டில் காசநோய்க்கு மருந்து கண்டதாக அறிவித்தார். பல நாடுகளிலிருந்தும் நோயாளர் நம்பிக்கையோடு பெர்லினுக்கு விரைந்தனர். அம்மருந்து எதனால் ஆயது என்பதை அவர் முதலில் வெளியிடவில்லை. சில மாதங்களில் அது நோயைத் தீர்க்கவில்லை என்பதும், சிலருக்குத் தீங்கே செய்தது என்பதும் தெரியவந்தன. கிருமியை இனங்காண்பதில் நான்கு சான்றுகள் கேட்ட அறிஞர், மருந்து வகையில் அவ்வளவு கடுமையாகத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளவில்லை. டியூபர்குலின் என்னும் அப்பொருள், ஒருவர் உடலில் காசநோய்க் கிருமி புகுந்துள்ளதா என்று அறியும் தோற்சோதனைக்குப் பின்னாளில் பயன்பட்டது.

1891-ஆம் ஆண்டில் அவருக்கெனப் பெர்லினில் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. பெரிங்கு, ஏர்லிக்கு, சப்பானியராகிய கிட்டசாட்டோ முதலியோர் அவரிடம் பணிபுரிந்து பெரும்புகழ் எய்தினர். 1897-ஆம் ஆண்டில் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது மீண்டும் இந்தியா வந்து அதனை ஆராய்ந்தார். ஆப்பிரிக்காவில் மாட்டு வெக்கைநோயையும் உறக்கநோயையும் ஆராய்ந்தார். உறக்கநோய்க்கு அவர் அளித்த மருந்தால் சிலர் கண்ணொளி இழந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. காசநோய் ஆய்வுக்காக 1905-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1910-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் பாடன்-பாடன் என்னும் ஊரில் காலமானார். அவர்தம் எரிசாம்பல் பெர்லினில் அவர் பெயர் தாங்கிய நிலையத்திலேயே வைக்கப்பெற்றுள்ளது.

அவர் தொட்டுவைத்த பணிகள் நம் நாட்டவர் கையில் வளர்ந்தன. வாந்திபேதிக் கிருமி குடலில் ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அந்நஞ்சே உடல்நீரை வடியச் செய்கிறது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் அறிஞர் முயலின் குடலில் சோதித்து, 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டார். விலங்கில் நோயைக் காட்ட இயலாமற் போன கோக்கின் குறை, அதே நகரில் 75 ஆண்டுகளுக்குப் பின் தீர்ந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் புகைவண்டியில் செல்வோர் தாம்பரம் சானடோரியம் என்னும் நிலையத்தைக் கடப்பர். காசநோயாளர்க்கென மருத்துவர் சவுரிமுத்து 1928-ஆம் ஆண்டில் அமைத்த மருத்துவமனையின் பெயர் அது. நோயாளர் அத்தகைய இடங்களில் நெடுநாள் தங்கினால்தான் பிழைப்பர் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டில் இருந்தே மருந்து உண்போரும் அதே அளவு குணமடைவர் என்று காட்டியது. குணமடைந்தாரா என்று அறிய அவர்கள் நோக்கியதும், சளியில் கோக்கின் கிருமி இன்னும் இருக்கின்றதா என்பதையே.

கிருமியை இனங்காணும் முறையிலும் இன்று ஒரு புதுமை வந்துள்ளது. தட்டில் ஒரு குடியிருப்பு வளர்ந்தபின், அஃது எந்த இனம் என்று அறியச் சாயமிட்டுப் பார்த்து, பலவகைச் சருக்கரைகளைக் கொடுத்து எதனைப் புளிக்கச் செய்கிறது என்று சோதித்து முடிவு கூற மேலும் ஒருநாளோ இருநாளோ ஆகும். குருதியில் கிருமி புகுந்த பச்சிளங் குழந்தைக்கு அவ்விரண்டு நாள் என்பது உயிர் நிற்பதற்கும் நீங்குவதற்கும் இடைப்பட்ட காலம். மருத்துவர் அதுவரை ஊகத்தின்பேரில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார். இப்போது நிறை நிறமாலைமானி என்னும் கருவி அக்காலத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிட்டது. அணுக்களை நிறுத்துப் பார்க்க இங்கிலாந்தில் ஆஸ்டன் என்பார் 1919-ஆம் ஆண்டில் அமைத்த கருவியின் வழித்தோன்றல் அது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் நிறுக்கும் வழி கண்டமைக்காகச் சப்பானியப் பொறியாளர் தனாக்காவும் அமெரிக்கர் பென்னும் 2002-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

அதன் செயல் இது. குடியிருப்பிலிருந்து ஒரு சிறு பொட்டை எடுத்து உலோகத் தகட்டில் தடவுவர். அதற்கு இன்றும் மரக்குச்சியே பெரும்பாலும் பயன்படுகிறது. அதன்மேல் ஒளியை உறிஞ்சும் ஓர் அமிலக் கரைசலை இட்டு உலரவிடுவர். காற்றற்ற குழாயினுள் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்ச, கிருமியின் புரதங்கள் மின்னேற்றம் பெற்று எழும். மின்விசை எல்லாவற்றையும் ஒரே அளவு ஆற்றலோடு உந்தும். நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டியையும் வெற்று வண்டியையும் ஒரே வலிமையோடு தள்ளினால் எது முன்னே ஓடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதுபோல இலேசான புரதம் முதலிலும் கனத்தது பின்னரும் குழாயின் மறுகோடியை அடையும். அவை வந்து சேர்ந்த காலத்தைக் கொண்டு எடைகளைக் கணக்கிட்டு ஒரு கோட்டுப்படமாகக் கருவி வரைந்துவிடும். ஒவ்வோர் இனக் கிருமிக்கும் அப்படம் வேறு. மனிதர்க்குக் கைரேகை போன்றது. முன்பே இனம் தெரிந்த கிருமிகளின் படங்களைக் கணிப்பொறியில் தொகுத்து வைத்து, அவற்றோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்லும். நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகள் பலவற்றிலும் இக்கருவி இயங்குகிறது.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. தொகுப்பில் இல்லாத கிருமியை அது அறியாது. குருதிக் கழிச்சலைச் செய்யும் சிகெல்லா என்னும் கிருமியையும் குடலில் இயல்பாக வாழும் எசரிக்கியா என்னும் கிருமியையும் பிரித்தறிய வழக்கமான முறையில் அதனால் இயலாது; அவ்வளவு நெருங்கிய உறவு அவற்றுக்கு. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதைப் பெரும்பாலும் வேறு சோதனையால்தான் அறிய வேண்டும். கலப்புக் கிருமிகளை ஒன்றாகத் தடவினால் படமும் குழம்பும். எனவே அதனுள் தகடு நுழைவதற்கு முன், பிணியாளரிடமிருந்து எடுத்த பொருளை அகார் உறைந்த தட்டில் மெல்லக் கீறி, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, தனித்தனிக் குடியிருப்புகள் எழும்வரை ஓரிரவு காத்திருக்கின்றனர்.